காற்றின் பெயர் தாங்கிய விமானம்

அல்சூர்த் தமிழன்பர்களுக்குச் சுரஞ்சன் தாஸ் சாலை என்னும் பெயர் புதியதன்று. பழைய மதராஸ் சாலையைப் பழைய விமான நிலையச் சாலையோடு இணைக்கும் வழி அது. அப்பெயருக்கு உரியவர் யார்? இதனை அறிய விரும்புவோர், 2001-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அமைத்த விமானக் காட்சிசாலைக்கு, விடுமுறை நாளொன்றில் குழந்தைகளுடன் சென்று வருதல் நன்று.

அங்குள்ள விமானங்களுள் ‘மாருத்’ என்பதன் முன் சற்று நின்று பாருங்கள். வடமொழியில் காற்றுத் தேவரைக் குறிக்கும் பெயர் அது. இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பெற்ற முதல் ஜெட் போர் விமானம் இதுவே. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதல் பறந்தது. அன்று அதனைச் செலுத்தியவரே சுரஞ்சன் தாஸ்.

கூரிய மூக்கும் பின்சாய்ந்த இறக்கைகளும் கொண்ட இவ்வுடல், ஒலியினும் விரைந்து செல்வதற்கென அமைந்தது. ஆனால் அதற்கேற்ற ஆற்றலுடைய யந்திரம் வாய்க்கவில்லை. பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட ‘ஆர்பியஸ்’ யந்திரங்கள் இரண்டைப் பொருத்தினர். அவற்றைக்கொண்டு ஒலியின் வேகத்தை எட்டுவதே அரிதாயிற்று.

ஜெட் யந்திரம் காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளுடன் எரிக்கிறது. வெப்ப வாயு பின்னே பாய, விமானம் முன்னே உந்தப்படுகிறது. வெளியேறும் அவ்வாயுவில் மீண்டும் எரிபொருளைச் செலுத்தி எரித்தால் உந்துவிசை மேலும் பெருகும். இம்முறையை மாருத்தில் சோதித்துவந்த காலத்தில், 1970 ஜனவரி 10 அன்று அத்தகைய விமானம் விபத்துக்குள்ளாகி, சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார்.

மாருத் வீணாயிற்று என எண்ணற்க. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பெற்றன. 1971-ஆம் ஆண்டுப் போரிலும் அவை பங்கு கொண்டன. 1990-ஆம் ஆண்டளவில் பணியினின்று ஓய்வு பெற்றன.

உடலை உருவாக்குவது ஒரு கலை. அதற்கு உயிரூட்டும் யந்திரத்தை உருவாக்குவது அதனினும் அரிய கலை. ‘தேஜஸ்’ விமானத்திற்கென நம் காவிரியாற்றின் பெயரால் ஒரு யந்திரத்தை உருவாக்கும் முயற்சி பெங்களூரில் நடைபெற்றது. எனினும், 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதல் பறந்தது அமெரிக்க யந்திரத்தைக் கொண்டே.

ஆதலின், காட்சிசாலைக்குச் செல்வோர் வெளியே நிற்கும் விமானங்களின் அழகைக் கண்டதோடு திரும்பிவிடாமல், உள்ளே வைக்கப்பட்டுள்ள யந்திரங்களையும் பிள்ளைகளுக்குப் பொறுமையுடன் காட்டுவாராக. இன்னும் முற்றுப்பெறாத பணி அங்கேதான் இருக்கிறது.