வீட்டிற் செய்யும் பாய்த்தோணி

கடலைக் கண்டறியாத ஊரினன் ஒருவன் தோணி கட்டும் தொழிலைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். கணியூரார்க்கு நூலும் தறியும் தெரியும். கரும்பும் தென்னையும் தெரியும். அமராவதியில் நீர் வரும் நாளும் வாராத நாளும் தெரியும். பாய்மரம் என்பது பெரும்பாலும் பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டும் கண்ட பொருளே. ஆயினும், காற்றின் துணையால் நீர்மேற் செல்லும் சிறு மரத்தோணி ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளல் இயலாத காரியமன்று. சென்ற கோடை விடுமுறையில் யானும் என் இளவலும் அதனைச் செய்து பார்த்தோம். எங்கள் பிழைகளையும் உடன் கூறுதல், இனிச் செய்யப் புகுவார்க்குப் பயன்படும் என்று எண்ணுகின்றேன்.

தச்சுத் தொழிலிற் பயிலாதாரும் தோணி செய்யலாம் என்னும் எண்ணம் உலகிற் பரவியது அண்மைக் காலத்திலேதான். 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துக் கிளியர்வாட்டர் நகரில், கிளார்க் மில்ஸ் என்னும் படகுத் தச்சர் சிறுவர்க்கென்று ஒரு தோணியை வரைந்தார். கடையிற் கிடைக்கும் எட்டடி நீள ஒட்டுப்பலகையிலிருந்து அறுத்தெடுக்கத்தக்கதாக அதனை அமைத்தமையால், அதன் நீளம் 2.3 மீட்டர் அளவில் நின்றது. கூரிய மூக்கிற்கு இடமில்லாமற்போகவே முன்புறத்தையும் பலகையால் அடைத்துவிட்டார். மாட்டுத் தொட்டிக்குப் பாய் கட்டியதுபோலத் தோன்றும் அத்தோணியே 'ஆப்டிமிஸ்ட்' என்னும் பெயரோடு இன்று நாடுதோறும் சிறுவர் பந்தயங்களில் ஓடுகின்றது. நம் சென்னைத் துறைமுகத்திலும் ஓடுகின்றது. பின்னர் 1962-63-இல் இங்கிலாந்தில், ஜாக் ஹோல்ட் என்னும் படகு வரைஞரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலைகளைக் கற்பித்துவந்த பாரி பக்னெல் என்பாரும் கூடி, 'டெய்லி மிரர்' என்னும் செய்தித்தாளின் ஆதரவில் 'மிரர்' என்னும் தோணியை வெளியிட்டனர். அதன் புதுமை யாதெனில், பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தைத்த மூட்டைப் பிசினாலும் கண்ணாடியிழை நாடாவாலும் அடைத்துவிடுதலே.

தைத்தல் என்றதும் தமிழர் வியப்படைய வேண்டுவதில்லை. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலைகளினூடே கரை சேர்த்தவை மசூலாப் படகுகளே. அவற்றிற்கு ஆணியும் இல்லை, வங்கு எனப்படும் விலாச் சட்டங்களும் இல்லை. பலகையோடு பலகையைத் தென்னங் கயிற்றால் தைத்தே கட்டினர். அலை மோதுங்கால் ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். மிரர் தோணியின் தையல் அத்தகையதன்று என்பதையும் சொல்லிவிடல் வேண்டும். அங்கே கம்பி, பிசின் இறுகுமளவும் பலகைகளைப் பிடித்து நிற்கும் கை மாத்திரமே. பிசின் இறுகியபின் அதற்கு வேலையில்லை.

இனிச் செய்யும் முறை. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை வேண்டும். அது நீரிற் பிரியாத 'மரைன்' வகையாயிருத்தல் இன்றியமையாதது. இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஐ.எஸ். 710 என்பது எண். அவ்வகைப் பலகை 72 மணி நேரம் கொதிநீரிற் கிடந்தும் அடுக்குப் பிரியலாகாது என்பது விதி. முத்திரையை மட்டும் நம்புதல் பேதைமை. எங்கட்கு முதலில் வந்த பலகையில் முத்திரை செவ்வனே இருந்தது. அதன் மூலைத் துண்டொன்றை நெல் வேகவைக்கும் அண்டாவில் இட்டு ஒருநாள் காய்ச்சியபோது அப்பளம்போல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினோம். இச்சோதனையைச் செய்யாதிருந்தால் அது குளத்தின் நடுவே நடந்திருக்கும்.

தோணிக்கு வேண்டிய பலகைகள் ஐந்து: அடிப்பலகை ஒன்று, பக்கப் பலகைகள் இரண்டு, அணியமாகிய முன்புறத்தை அடைப்பது ஒன்று, பின்புறத்தை அடைப்பது ஒன்று. வரைபடத்தில் உள்ள புள்ளிகளைப் பலகைமேற் குறித்து, புள்ளிதோறும் சிற்றாணி அடித்து, மெல்லிய சட்டம் ஒன்றை அவ்வாணிகளின்மேற் சார்த்தி வளைத்தால், அழகிய வளைகோடு தானே அமையும். பக்கப் பலகைகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒருங்கே அறுத்தல் நலம். வேறுவேறாக அறுத்தால் தோணி ஒருபுறம் சாய்ந்து ஓடும். விளிம்பினின்று ஒரு சென்டிமீட்டர் உள்ளே, பத்துச் சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டுக் கம்பியைக் கோத்து, வெளியே குறடால் முறுக்குக. தட்டையான பலகைகள் முறுக்க முறுக்க எழுந்து தோணியின் வடிவு கொள்ளும் அந்நேரம் பெரிதும் இன்பமானது. ஆயினும் இன்பத்தில் மயங்கிவிடலாகாது. மூலைக்கு மூலை இரு கயிறுகளைக் குறுக்கே பிடித்து அளந்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பிசின் இறுகியபின் கோணலை நிமிர்த்த எவராலும் ஆகாது.

பிசின் என்றது 'எபாக்சி'யை. குழம்பும் கடினப்படுத்தும் நீருமாக இரு கலங்களில் வரும். செய்தவர் குறித்த அளவிலேயே கலத்தல் வேண்டும். விரைவில் இறுகட்டும் என்று இரண்டாவதை மிகுத்து ஊற்றினால் ஒருபோதும் இறுகாது. வெப்பம் பத்துப் பாகை மிகுந்தால் இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இதனை அறியாது, சித்திரை வெயிலில் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்துவிட்டு யாம் மோர் குடிக்கச் சென்றோம். திரும்பி வருவதற்குள் குவளை புகைந்து உருகி, கொட்டகைத் தரையில் ஒரு கல்லாகக் கிடந்தது. குவிந்து நிற்கும் பிசின் தன் சூட்டைத் தானே பெருக்கிக்கொள்ளும் என்பதை அன்றே கற்றோம். பின்னர் விடியற்காலையில், அகன்ற தட்டில், சிறிது சிறிதாகக் கலந்தோம். மரத்தூளைக் கூட்டிக் களியாக்கி உள்மூட்டுகளிற் கரண்டிப் புறத்தால் இழுத்துப் பூசி, இறுகியபின் கம்பிகளை நறுக்கி, உள்ளும் புறமும் கண்ணாடியிழை நாடாவை ஒட்டினால் உடல் முடிந்தது. கையுறையின்றி இவ்வேலையைத் தொடலாகாது, தோல் தடித்துப்போம்.

ஒரு சிறு எச்சரிக்கை: தொடங்குமுன் கொட்டகை வாயிலை அளந்துகொள்க. எமது வாயில் மூன்றடி. தோணியின் அகலமோ அதனினும் மிக்கது. சாய்த்து எடுத்தமையாற் பிழைத்தோம்.

பாயைப்பற்றிக் கூறுங்கால் எம் நாட்டார்க்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். திருப்பூரைச் சூழ்ந்த ஊர்களில் துணிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் விளைவது பின்னலாடைத் துணி. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது, இழுத்தால் நீளும். உடம்பிற்கு அந்நெகிழ்ச்சி சுகம். பாய்க்கோ அதுவே கேடு. காற்று ஏறும்போது நீண்டுபோகும் பாய் தன் வடிவை இழந்து, தோணியை முன்னே தள்ளாமற் பக்கத்தே சாய்க்கும். ஆகையால் பாவும் ஊடும் நெருங்க நெய்த துணியே வேண்டும். 1941-இல் இங்கிலாந்தில் வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட பாலியெஸ்டர் இழையால் நெய்த துணியே இக்காலத்துப் பாய்களுக்குச் சிறந்தது. யாம் பொருள் முடையால் லாரிகளுக்குப் போர்த்தும் தார்ப்பாயையே கொண்டோம். ஓராண்டிற்கு அது போதும். பாயைத் தட்டையாக வெட்டலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பாய்மரத்தோடு பிணையும் ஓரத்தை நடுவே நாலைந்து சென்டிமீட்டர் புடைத்திருக்க வெட்டினால், நேரான மரத்திற் கட்டும்போது மிகுந்த துணி உள்ளே சென்று வயிறாகும். அவ்வயிறே பாய்க்கு உயிர். பாய்மரத்திற்குக் கல்மூங்கில் ஒன்று எடுத்தோம்.

காற்று வரும் திசையை நோக்கியே தோணி செல்வது எங்ஙனம் என்று பலரும் வினவுவர். நேர் எதிரே செல்லாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை விலகி, ஒருகால் வலமும் ஒருகால் இடமுமாக மாறிமாறிச் செல்லும். ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கு இடையே நெருக்கினால், நெருக்கிய திசைகளில் ஒன்றிலும் செல்லாது முன்னே துள்ளுகின்றதன்றோ? பாயின்மேற் காற்று ஒரு விரல். தோணியின் நடுவே நீருள் இறக்கிய பலகையின்மேல் நீரின் தடை மற்றொரு விரல். அந்நடுப்பலகை இல்லையேல் தோணி நண்டுபோற் பக்கத்தே ஒதுங்கும்.

இனி அபாயம். 3.3 சதுர மீட்டர்ப் பாயைக் குறுக்கே விரித்து வைத்தால், நொடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள காற்று அதனை ஏறக்குறைய 6 கிலோ எடையளவு தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளல் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 24 கிலோவாகின்றது. இத்தள்ளல் நீர்மட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் மேலே நிகழ்வதாகக் கொண்டால், சாய்க்கும் வன்மை 36 கிலோ மீட்டர். அதனைத் தடுக்க, 50 கிலோ எடையுள்ள ஒருவன் தோணியின் நடுவினின்று அரை மீட்டர் விலகி அமர்ந்தால் 25 கிலோ மீட்டரே கிடைக்கும். எஞ்சியதைத் தோணியின் அகலம் சிறிதளவே ஈடுசெய்யும். பாக்கு நீரிணைக் கரையினர் இதனை நன்கறிந்தே, தம் வத்தைகளின் குறுக்கே நீண்ட பலகையொன்றை நீட்டி, காற்று வரும் பக்கத்து நுனியில் ஆட்களை அமர்த்துவர். எளிய வழி ஒன்றுண்டு: பாயின் கயிற்றைத் தளர்த்துதல். தளர்த்தினால் பாய் கொடிபோல் அசைந்து வலியிழக்கும். ஆகையால் அக்கயிற்றை எக்காலத்தும் கையிற் பிடித்திருத்தல் வேண்டும். தோணியிற் கட்டலே ஆகாது.

எம் ஊர்ப்பக்கத்துக் காற்றின் இயல்பும் அறியத்தக்கது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடித் திங்கள்களில் வரும் காற்று, உடுமலைச் சுற்றுப்புறமெங்கும் காற்றாலைகளைச் சுழற்றுவது. அந்நாட்களிற் புதியவன் பாய் விரித்தல் தகாது. இடத்தைப்பற்றியும் அங்ஙனமே. அமராவதி அணையின் நீர்ப்பரப்பு ஆசை காட்டும். ஆனால் அதில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. அவற்றிற்கென அமைத்த பண்ணையும் அணையருகே உண்டு. யாம் உரியவரிடம் இசைவு பெற்று, நெஞ்சளவு நீர் நின்ற ஒரு குளத்தையே தேர்ந்தோம்.

தோணியை வண்டியில் ஏற்றிச் சென்ற அன்று எம் தந்தையாரும் உடன் வந்தார். பாயைக் கட்டப் புகுந்தபோது தடுத்து, "முதலில் தண்ணீரை நிரப்பிக் காட்டுங்கள், அப்புறம் பாய் கட்டலாம்" என்றார். எமக்கு வருத்தமே. ஆயினும் இருவரும் வாளியால் நீரை மொண்டு விளிம்பளவும் நிரப்பினோம். இருபது லிட்டர்க் குடுவைகள் ஐந்தினை வாயிறுக மூடி இருக்கைகளின்கீழ்ப் பிணைத்திருந்தோம். நூறு லிட்டர் காற்று நூறு கிலோவைத் தாங்குமன்றோ? தோணி மூழ்காது விளிம்பு தெரிய நின்றது. இளவல் ஏறி அமர்ந்தும் நின்றது. தந்தையார் ஒன்றும் சொல்லாது கரையில் அமர்ந்தார். நீரை இறைத்தபின் நடுப்பலகைக் கூட்டின் அடியிற் சிறு கசிவு கண்டோம். துணியை அடைத்துக்கொண்டு, மிதவைச் சட்டை அணிந்து புறப்பட்டோம்.

அரை நாழிகை எல்லாம் இனிது நடந்தது. பின்னர் இளவல், கை வலிக்கின்றதென்று கயிற்றை இருக்கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். தென்னந்தோப்பின் இடைவெளியினின்று ஒரு வீச்சுக் காற்று வந்தது. மேலே எழுதிய கணக்கெல்லாம் ஒரு நொடியில் முடிந்து, இருவரும் நீரில் இருந்தோம். தோணி பக்கவாட்டிற் கிடந்தது. குடுவைகள் தம் வேலையைச் செய்தன. யான் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று சாய, பாய்மரம் மெல்ல எழுந்தது. இளவல் அதற்குள் கயிற்றை அவிழ்த்திருந்தான். உள்ளே நின்ற நீரை இறைக்க நாற்பது வாளிக்குமேல் ஆயிற்று. கரை சேர்ந்தபோது தந்தையார் வண்டியை நீரோரம் திருப்பி நிறுத்தியிருந்தார். அன்றிரவு பாய் துணிக் கொடியில் உலர்ந்தது. மறுநாள் நடுப்பலகைக் கூட்டைப் பெயர்த்து மீண்டும் ஒட்டினோம்.