ஒரு வரியில் ஒரு பொத்தான்

என் அண்ணி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்க்கிறார். யாருக்கு எவ்வளவு கடன், வட்டி என்ன, எத்தனை தவணை கட்டியாயிற்று எல்லாம் கோடு போட்ட நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கும் அவர் மகள் இந்தக் கணக்கைப் போடும் நிரலை ஒரே மாலையில் எழுதிவிட்டாள். கறுப்புத் திரையில் கேள்வி வரும். எண்ணைத் தட்டினால் அடுத்த கேள்வி வரும். நடுவில் ஒன்றைத் தப்பாகத் தட்டிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு முறை முயன்றுவிட்டு அண்ணி நோட்டையே எடுத்துக்கொண்டார். “பேங்க்ல இருக்கிற மாதிரி கட்டம் கட்டமா வராதாடி?” என்று கேட்டார்.

வரும். தனியாக எதையும் வாங்க வேண்டாம். பைத்தானோடு சேர்ந்தே கிடைக்கும் டிகின்டர் என்ற தொகுதி அந்த வேலையைச் செய்யும். அவள் பள்ளியில் நிரல் எழுதும் ஐடில் ஜன்னலே டிகின்டரில் செய்ததுதான். பைத்தானைப் படைத்த கீடோ வான் ராசமும் ஸ்டீன் லும்ஹோல்ட்டும் எழுதிய தொகுதி அது. பெயரின் முற்பாதியில் இருக்கும் ‘டிகே’ மட்டும் வேறொருவருடைய உழைப்பு.

அவர் ஜான் ஓஸ்டர்ஹவுட். 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களோடு சிப் வடிவமைக்கும் மென்பொருள்களை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் கட்டளை கொடுக்க ஒரு சின்ன மொழி தேவைப்பட்டது. சிப்பில்தான் எல்லோருக்கும் கவனம். அதனால் அந்த மொழிகள் அரைகுறையாகவே நின்றன. ஒரு மொழியை நன்றாக ஒருமுறை எழுதி, எல்லா மென்பொருளிலும் செருகிக்கொண்டால் என்ன என்று 1987-இல் அவருக்குத் தோன்றியது. மறு ஆண்டு எழுதத் தொடங்கிய அந்த மொழிக்கு டிசிஎல் என்று பெயர். புழங்குபவர்கள் ‘டிக்கிள்’ என்பார்கள்.

அதே 1987-இல் ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டை வெளியிட்டது. படமும் பொத்தானுமாக இயங்கும் இப்படிப்பட்ட மென்பொருளைச் செய்யப் பெரிய படையே வேண்டும். பல்கலைக்கழகத்தின் சிறு குழுக்கள் இனி எப்படி ஈடுகொடுக்கும் என்ற கவலை அவருக்கு வந்தது. முழுவதையும் புதிதாக எழுதாமல், ஆயத்தமாக இருக்கும் துண்டுகளை ஒட்டவைப்பது ஒன்றே வழி என்ற முடிவுக்கு வந்தார். துண்டுகள் சி மொழியில் இருக்கும், பசை டிக்கிள். 1988 கடைசியில் தொடங்கி, மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு ஆண்டு எழுதிய, ஜன்னலும் பொத்தானும் செய்யும் துண்டுகளின் தொகுப்புதான் டிகே. இலவசமாகவே கொடுத்தார். 1997-இல் டிக்கிளுக்கும் டிகேவுக்குமாக ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

பசையின் பலம் என்ன? 1998-இல் எழுதிய கட்டுரையில் அவரே ஓர் உதாரணம் காட்டினார். அழுத்தினால் ஒரு சொல்லை அச்சிடும் பொத்தான். எழுத்துரு, அளவு உட்பட டிக்கிளில் அது ஒரே வரி. ஜாவாவில் 7 வரி. சி++ மொழியில், அன்று விண்டோஸுக்கு எழுதுபவர்கள் கையாண்ட முறையில், ஏறத்தாழ 25 வரி. வரியை விடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேகம். சி-யில் எழுதினால் பொத்தானை இம்மி நகர்த்தவும் கம்பைல் செய்து காத்திருக்க வேண்டும். டிக்கிள் போன்ற ஸ்கிரிப்ட் மொழியில் மாற்றி உடனே ஓட்டிப் பார்க்கலாம். கொத்தனார் செங்கல் சுடுவதில்லை. சுட்ட கல்லை அடுக்குகிறார். சுவர் கோணினால் அப்போதே கலைத்து அடுக்கலாம்.

அண்ணன் மகளுக்கு வரிகள் சிரமம் தரவில்லை. அவளைத் திணறடித்தது வேறு. கறுப்புத் திரை நிரலில் பிடி நிரலின் கையில் இருக்கிறது: அது கேட்கும், மனிதர் பதில் சொல்வார். ஜன்னல் நிரலில் பிடி கை மாறிவிடுகிறது. கட்டங்களையும் பொத்தான்களையும் வைத்து முடித்ததும், கடைசி வரியில் ‘மெயின்லூப்’ என்று எழுதுகிறோம். அதன்பின் நிரல் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறது. மவுஸ் அழுத்தப்பட்டதா, விசை தட்டப்பட்டதா, ஜன்னல் இழுக்கப்பட்டதா என்று வரும் ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையில் எடுத்து, அதற்கென்று ஒப்படைத்த செயற்கூறை அழைக்கிறது. எதை முதலில் நிரப்புவது என்பது அண்ணியின் விருப்பம்.

இது பிடிபடாததால் முதல் நாள் வந்த பிழையைச் சொல்ல வேண்டும். டிகின்டர் பழகுபவர்கள் அநேகமாக எல்லோரும் இதில் விழுந்து எழுந்திருப்பார்கள். ஜன்னல் திறந்ததும் கணக்கு தானாக ஒருமுறை ஓடியது. பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. பொத்தானிடம் செயற்கூறின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டிய இடத்தில், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியும் போட்டிருந்தாள். பெயர் மட்டும் என்றால் ‘அழுத்தும்போது இவரைக் கூப்பிடு’ என்று பொருள். அடைப்புக்குறி போட்டால் இப்போதே கூப்பிட்டாகிவிட்டது. பொத்தானின் கையில் வெறும் விடைதான் மிஞ்சும். குறியை அழித்தாள், வேலை செய்தது.

இன்னொன்றும் இந்தக் காத்திருப்பிலிருந்தே வருகிறது. அழைக்கப்பட்ட செயற்கூறு பத்து விநாடி எடுத்துக்கொண்டால், அந்தப் பத்து விநாடியும் ஜன்னல் உறைந்து நிற்கும். வரிசையில் நிற்கும் நிகழ்வுகளைக் கவனிக்க ஆள் இல்லை. நீண்ட வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ‘ஆஃப்டர்’ என்ற கட்டளையால் இத்தனை மில்லி விநாடி கழித்து அடுத்த துண்டு என்று சொல்லிவைப்பது எளிய தீர்வு.

டிகேயில் எனக்கு மிகவும் பிடித்தது அது இடம் ஒதுக்கும் முறை. இத்தனை புள்ளி தள்ளி வை என்று அளந்து சொல்லத் தேவையில்லை. எந்த வரிசை, எந்தப் பத்தி என்று சொன்னால், ‘கிரிட்’ என்ற கட்டளை உள்ளே இருக்கும் எழுத்தின் நீளத்தைப் பார்த்துத் தானே பத்தியை அகட்டிக்கொள்ளும். தமிழுக்கு இது பெரிய உதவி. ‘லோன்’ என்ற சொல்லை ‘வழங்கிய கடன் தொகை’ என்று மாற்றினாலும் எதுவும் வெட்டுப்படாது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இன்று பரவலாகப் புழங்கும் டிகே பதிப்புகள் லினக்ஸில் எழுத்துகளை ஒவ்வொன்றாக அப்படியே வரைகின்றன. ‘கெ’ என்ற எழுத்து கணினிக்குள் க முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் இடம் மாற்றி வைக்க ஆள் இல்லாததால், கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த கருவியில் நம் எழுத்து இப்படித் தடுமாறுவதைப் பார்க்க வருத்தமாகவே இருக்கிறது.

அண்ணியின் கணினியில் விண்டோஸ். கொம்பு சரியான இடத்தில் விழுந்தது. மூன்று கட்டம், ஒரு பொத்தான், கீழே விடை. முதல் கூட்டத்துக்கு நோட்டையும் கூடவே எடுத்துப்போய் இரண்டிலும் சரிபார்த்தார். வீட்டுக்கு வந்ததும், “தவணை கட்டாத மாசத்தைச் சிவப்புல காட்ட முடியுமா?” என்று கேட்டார். அவள் ஐடிலைத் திறந்தாள்.