கிண்டர்டைக் காற்றாலைகள்

நெதர்லாந்தின் தெற்கு ஹாலந்து மாகாணத்தில், லெக், நோர்ட் ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது கிண்டர்டைக் என்னும் சிற்றூர். அங்குள்ள 19 காற்றாலைகளை வெறும் அழகுச் சின்னங்களாக மட்டும் பார்த்தால் ஊரின் வரலாறு விளங்காது. சுற்றியுள்ள நிலம் ஆற்று நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. தேங்கும் நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அங்கே பயிரும் வீடும் நிலைக்கும். அதற்காகவே இவற்றில் 16 காற்றாலைகள் 1738, 1740 ஆகிய ஆண்டுகளில் எழுந்தன. நீராவி பம்புகளும் பிறகு டீசல், மின்சார பம்புகளும் வந்தபின் இவை காட்சிப்பொருள்கள்தானே என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நீர் இறைத்தவை இதே காற்றாலைகள்தாம். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் காற்றாலைகளை மட்டுமல்ல. கரைகள், நீர்த்தேக்கங்கள், இறைப்பு நிலையங்கள் அடங்கிய முழு நீர் மேலாண்மை அமைப்பையும்தான்.