வெயிலும் ஒரு விளக்குதான்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: செல்போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் எடிட் செய்து, ஒரு குறும்படம் வெளியிட வேண்டும்! எனக்கும் வந்தது. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே, எடிட்டிங்கில் எதையும் சரிசெய்துவிடலாம் என்ற தைரியம் வேறு. திருநெல்வேலி பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போய், 80 வயது ஆச்சியை வாசலில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம் வேண்டுமென்று நண்பகல் 12 மணிக்கு எடுத்ததுதான் தவறு.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நெற்றியும் மூக்கும் வெள்ளை வெளேர். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். "ஏலே, என் கண்ணை எங்கல போட்ட?" என்று கேட்டார் ஆச்சி.

சாஃப்ட்வேரில் சரிசெய்யலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் ஓர் இரவு முழுக்கப் போராடினேன். பலன் இல்லை. காரணம் எளிது. சாதாரண 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 256 படிகள்தான். வெளிச்சம் உச்சப் படியைத் தாண்டினால் அந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் பதிவாகும். பிரைட்னஸைக் குறைத்தால் வெள்ளை சாம்பல் நிறமாகும். தோலின் சுருக்கம் திரும்பி வராது. இருட்டான இடத்தை வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்றைய ஏஐ மென்பொருளிடம் கேட்டால் ஒரு கண்ணை வரைந்து தரும். ஆனால் அது ஆச்சியின் கண் அல்லவே!

மறுபடி எடுத்தது எப்படி?

வயதானவரை அதிக நேரம் உட்கார வைக்க முடியாது. எனவே இந்த முறை திட்டமிட்டுக்கொண்டேன்.

1. நேரம்: ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஃப்6 கீயை அழுத்தி ஊரையும், எஃப்5 அழுத்தித் தேதி, நேரத்தையும் கொடுங்கள். அந்த நேரத்தில் சூரியன் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று திரையில் தெரிந்துவிடும். நான் மாலை 5 மணிக்கு மேல் வைத்துக்கொண்டேன்.

2. தெர்மோகோல்: நடிப்பவரின் முதுகுப் பக்கம் சூரியன் இருக்கட்டும். முகத்துக்கு முன்னால் மூன்று நான்கு அடி தூரத்தில், கேமராவில் படாதபடி ஒரு பெரிய வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால், வெயில் அதில் பட்டு மென்மையாக முகத்தில் விழும். கண்ணாடியைப் பயன்படுத்தாதீர்கள், கண் கூசும்.

3. வேட்டி: பகலில்தான் எடுத்தாக வேண்டுமா? தலைக்கு மேல் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தால் போதும். கடுமையான நிழல் மறைந்துவிடும்.

4. எக்ஸ்போஷர்: பல செல்போன்களில் திரையில் முகத்தின் மேல் சற்று நேரம் விரலை அழுத்தினால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். காட்சியின் நடுவே வெளிச்சம் ஏறி இறங்காது.

பெரிய படங்களிலும் உண்டு

1978ல் வெளியான 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்தின் பல காட்சிகளை ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மெந்த்ரோஸ், கனடாவின் ஆல்பர்ட்டாவில், சூரியன் மறைந்த பிறகு வானில் எஞ்சியிருக்கும் வெளிச்சத்திலேயே எடுத்தார். ஆஸ்கார் விருதும் பெற்றார். ஒரு எச்சரிக்கை: பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் அந்தி வெளிச்சம் அங்கே இருப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். எனவே ஒத்திகையை முன்பே முடித்துவிடுங்கள்.

முக்கியமாக, முதலில் 10 விநாடி மட்டும் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் தொடருங்கள்.

என் செலவு இரண்டு தெர்மோகோல் அட்டைகள் மட்டுமே. வேட்டி அப்பாவுடையது. புதிய காட்சியைப் பார்த்த ஆச்சி, "இப்பதாம்ல நான் மாதிரி இருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா?