பதிவு செய்தோம், பத்திரப்படுத்தினோமா?

கோமாரியில் எமது மாதர் குழு கூடுகின்ற அறையில் ஓர் இரும்பு அலுமாரி இருக்கிறது. அதன் மேல்தட்டில், கூட்டக் குறிப்புக் கொப்பிகளுக்கும் பழைய கடன் பதிவேடுகளுக்கும் நடுவில், சவர்க்காரக் கட்டி அளவான ஒரு சிறிய வீடியோ கமரா கிடந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த வேலைத்திட்டமொன்று முடிந்து போகும்போது விட்டுச் சென்றது அது. சிவப்புப் பொத்தானை அமத்தினால் பதியும், திரும்ப அமத்தினால் நிற்கும். பாவிக்கப் படிப்பு எதுவும் தேவையில்லை.

அந்தக் கமராவுக்கு முன்னால் எமது கிராமத்து மூத்த பெண்கள் சிலர் இருந்து கதைத்தார்கள். இடம்பெயர்ந்து நடந்த கதை, மகன் வீடு திரும்பாத கதை, 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்த கதை. அவர்களுள் ஒரு தாய் பின்னர் காலமானார். சில மாதங்கள் கழித்து அவருடைய மகள் எம்மிடம் வந்தார்.

"அக்கா, அம்மாட குரல ஒருக்காக் கேக்கணும். வீட்டில போட்டோ இருக்கு. போட்டோ கதைக்காதுதானே."

தேடினோம். கிடைக்கவில்லை. தவறு என்னுடையது. கமராவில் இடம் நிரம்பியிருந்தது, அடுத்த நாள் பாடசாலை விளையாட்டுப் போட்டி. அவசரமாகக் கடையொன்றின் கணனியில் கமராவைக் கொழுவி, எல்லாவற்றையும் 'கட்' செய்து ஒரு பென் ட்ரைவில் போட்டேன். பத்திரமாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் அதே கமராவில் ஓட்டப்போட்டியைப் பதிந்தோம். சில மாதங்களில் அந்தப் பென் ட்ரைவ் எந்தக் கணனியிலும் திறக்காமல் போயிற்று.

நான் செய்தது இடமாற்றம் மட்டுமே. 'கட்' செய்தால் பழைய இடத்தில் இருந்தது போய்விடும். முன்பும் ஒரு பிரதி, பின்பும் ஒரே பிரதிதான். சமூகவியல் படித்து, செவ்விகாண்பது எப்படி என்று பயிற்சியெல்லாம் எடுத்த எனக்கு இந்தச் சின்ன விடயம் விளங்க ஒரு தாயின் குரல் போக வேண்டியிருந்தது.

இந்த வகைக் கமராக்களில் பேர்போனது 'ஃபிளிப்'. அமெரிக்கக் கம்பனியொன்று 2007 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2 ஜீபி உள்நினைவகத்தில் ஒரு மணித்தியாலம் பதியலாம், கணனியில் கொழுவும் முனை கமராவிலேயே மடிந்திருக்கும். 2009இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கி, 2011இல் உற்பத்தியை நிறுத்தியது. பதிவுகளை இணையத்தில் பகிர்ந்துகொள்ள இருந்த சேவையும் 2013 முடிவோடு நின்றது. கமராவும் சேவையும் நின்றுபோகலாம், அதற்காகப் பதிவும் போய்விடக்கூடாது. இப்படியான கமரா எங்காவது அலுமாரியில் கிடந்தால், அதன் பற்றரி முற்றாகச் செத்துப்போவதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். இப்போது கைத்தொலைபேசியில் பதிகிறவர்களுக்கும் கதை இதேதான்.

"இதெல்லாம் படிச்ச புள்ளையளுக்குத்தான் சரிவரும்" என்று பின்வாங்குகிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்லலாம். இந்தியாவின் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான 'சேவா'வில் 1984இலேயே பெண்கள் வீடியோ பழகினார்கள். மரக்கறி விற்கிற பெண்களும், எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அன்றைய கமராவைத் தோளில்தான் சுமக்க வேண்டும்.

கணனியில் கமராவையோ மெமரி காட்டையோ கொழுவியதும் 'கொப்பி' மட்டும் செய்யுங்கள், 'கட்' வேண்டாம். கொப்பியான பிறகு இரண்டு இடத்திலும் எத்தனை பதிவுகள் இருக்கின்றன, அவற்றின் அளவு ஒன்றா என்று பாருங்கள். பிறகு கணனியில் இருப்பதைத் திறந்து, தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேளுங்கள். படம் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள், குரல் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது இடத்திலும் அதே போல் கொப்பி செய்து, கேட்டு முடித்த பிறகே கமராவில் இருப்பதை அழிக்கலாம். கழற்றும்போது இழுத்தெடுக்காமல், கணனியில் வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

சில வேளை 16 ஜீபி பென் ட்ரைவ் வெறுமையாக இருந்தும் ஒரு நீண்ட பதிவை ஏற்காது. பழைய முறையில் அமைத்த ட்ரைவ்கள் 4 ஜீபிக்கு மேற்பட்ட தனிப் பதிவை ஏற்பதில்லை, காரணம் அதுதான். இதனாலேயே சில கமராக்கள் நீண்ட பேச்சைத் துண்டு துண்டாகப் பதிந்து வைக்கும். முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டு வருகிறவர்கள் உண்டு.

வட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கொப்பி என்று நம்பவேண்டாம். சாதாரணமாக அனுப்பும்போது அது வீடியோவைச் சுருக்கிவிடும். முகம் மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்காது. கூகுள் கணக்கில் 15 ஜீபி இலவசமாகக் கிடைக்கிறது, அது உதவும். ஆனால் எமக்குத் தெரிந்த ஒரு குழுவில் கடவுச்சொல் தெரிந்த ஒரே உறுப்பினர் வீட்டுப்பணிப்பெண்ணாக வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு விமானம் ஏறிவிட்டது!

எமது கரையின் உப்புக்காற்று கதவுப் பிணைச்சலையே தின்கிறது, பென் ட்ரைவ் எம்மாத்திரம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் போத்தலில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படி வைத்தாலும் நிரந்தரமில்லை. ஹார்ட் டிஸ்க் சில வருடங்களிலேயே பழுதாகலாம், பென் ட்ரைவை வருடக்கணக்கில் கொழுவாமலே வைத்திருந்தால் உள்ளிருப்பது அழியக்கூடும். ஸ்டூடியோக்காரர் தந்த கலியாண, அந்தியேட்டி டிவிடிகளும் பூஞ்சணம் பிடிக்கும். புதிய மடிக்கணனிகளில் டிவிடி போட இடமே இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் குறித்து எல்லாவற்றையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

கொப்பிகளை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் அதிகம் வாதாடினோம். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அதிலொன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் பலரும் சொல்லும் கணக்கு. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு சாம்பலாயின. அச்சிட்ட நூலை இன்னோரிடத்தில் தேடிப் பெறலாம், ஒற்றை ஏட்டுக்கு அந்த வழியில்லை. எமது மாவட்டத்தில் கடல் எத்தனை வீடுகளின் அல்பங்களைக் கொண்டுபோயிற்று என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பொத்துவிலில் இருக்கும் முஸ்லிம் சகோதரிகளின் குழுவொன்றிடம் ஒரு பிரதியை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் அறை அமைதியாயிற்று. அந்தப் பேச்சுக்களில் இரு சமூகமும் ஒன்றையொன்று பயந்த நாட்களும் இருக்கின்றன. அவர்களிடமும் அப்படியான பதிவுகள் இருக்கின்றன. பல கூட்டங்களுக்குப் பிறகு, விரும்பியவர்களின் பதிவுகளை மட்டும், உறையிலிட்டு ஒட்டி, ஆளுக்காள் மாற்றிக்கொண்டோம். "எங்கட உம்மாமார்ர கத கோமாரியில இரிக்கி, அவங்கட அம்மாமார்ர கத எங்கட அலுமாரிக்குள்ள இரிக்கி" என்றார் அங்குள்ள ராத்தா ஒருவர். பொத்துவிலும் அதே கடலின் கரைதான் என்று பிறகு யாரோ நினைவூட்ட, மூன்றாவது பிரதி அம்பாறை நகருக்குப் போயிற்று.

எல்லோரும் சம்மதிக்கவில்லை. ஒரு பெண் தன் ஆண்மக்களுக்கே சொல்லாத ஒன்றைக் கமராவுக்குச் சொல்லியிருந்தார். "எனக்கு ஒண்டு தாங்க. வேற எங்கயும் இருக்கப்படாது" என்றார். பிரதி கூடக் கூடப் பதிவுக்குப் பாதுகாப்பு, ஆனால் பேசியவருக்கு ஆபத்தும் கூடலாம். இதில் முடிவெடுக்க வேண்டியவர் பேசியவரே என்பது என் எண்ணம். அவரது பதிவு அவரிடம் மட்டும் இருக்கிறது, தொலைந்தால் தொலைந்ததுதான். இப்போது பதியத் தொடங்குமுன்னே யார் பார்க்கலாம், எங்கே வைக்கலாம், இறந்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். பதிவுக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரை இடுவதில்லை. வருடம், மாதம், திகதி, ஊர், ஓர் இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யாருடையது என்ற கொப்பி வேறோர் இடத்தில் பூட்டியிருக்கிறது.

அழிப்பதும் இலேசான காரியமல்ல. 'டிலீட்' கொடுத்தால் கமரா அந்த இடத்தை வெற்றிடம் என்று குறித்துக்கொள்ளுமே தவிர, மேலே வேறொன்று பதியப்படும் வரை பழையது உள்ளே கிடக்கும். ஆகவே தவறுதலாக அழித்துவிட்டால் உடனே கமராவை நிறுத்திவிடுங்கள், ஒரு விநாடியும் பதிய வேண்டாம். 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மென்பொருள் கொண்டு மீட்டுப் பார்க்கலாம். இதே காரணத்தால், பழைய மெமரி காட்டை விற்கிறவர்களும் தெரியாதவரிடம் கொடுக்கிறவர்களும் கவனமாயிருக்க வேண்டும். அழித்த பின், சுவரையோ கூரையையோ காட் நிரம்பும் வரை பதிந்து, திரும்ப அழித்துவிட்டுக் கொடுங்கள்.

அந்தத் தாயின் பதிவையும் இப்படித்தான் தேடினோம். ஓட்டப்போட்டி அவர் கதைத்த இடத்தின் பெரும்பகுதிக்கு மேல் ஏறியிருந்தது. நான்கு நிமிடம் மட்டும் மீண்டது. போரைப் பற்றியோ சுனாமியைப் பற்றியோ அதில் எதுவுமில்லை. பதிவு தொடங்கியது தெரியாமல், தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று என்னைக் கேட்கிறார், பிறகு முருங்கையில் ஏறிய ஆட்டை விரட்டுகிறார். மகள் அதை எமது அறையில் இருந்து மூன்று தரம் பார்த்தார். ஒரு பிரதி அவரிடமும், ஒன்று அக்கரைப்பற்றில் அவர் தங்கையிடமும், ஒன்று எமது அலுமாரியிலும் இருக்கிறது. வருடாவருடம் தாயின் திவசத்துக்கு முதல் நாள் மூன்றையும் திறந்து பார்க்கிறோம்.