வணிகர் கவலையும் அமுக்கராங் கிழங்கும்



சில மாதங்களுக்கு முன் மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு கிலோ அமுக்கராங் கிழங்கு கேட்டார். "கடைக்கா?" என்றேன். "எனக்குத்தான் அண்ணாச்சி. வெளிப்பாக்கி நினைப்பில் தூக்கமே இல்லை. யாருக்குக் கடன் கொடுத்தேன் என்பதே மறந்துபோகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். சரக்குக் கொடுக்காமல் டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். அதன் காரணத்தை நம்மவர் அனைவரும் அறிவது நலம்.

நெருக்கடி வரும்போது, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. சிறிது நேரத்திற்கு அது நன்மையே. மாதக்கணக்கில் நீடித்தால், நினைவைப் பதியவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற மூளைப்பகுதி பாதிக்கப்படுகிறது. விலங்குகளிடம் செய்த சோதனைகளில் அங்குள்ள நரம்புக் கிளைகள் சுருங்கியதைக் கண்டனர். நெருக்கடி நீங்கியதும் அவை மீண்டும் வளர்ந்தன என்பது ஆறுதலான செய்தி.

இனி மூலிகைக்கு வருவோம். 2012-ல் வெளியான ஆய்வொன்றில் 64 பேர் கலந்துகொண்டனர். அமுக்கரா வேரின் சத்தை 60 நாள் உட்கொண்டவர்களுக்கு மன அழுத்தமும் இரத்தத்தில் கார்ட்டிசாலும் குறைந்தன. நீர்ப்பிரமியை 12 வாரம் உட்கொண்டவர்களுக்கு நினைவாற்றலில் ஓரளவு பயன் தெரிந்தது. இவை சிறிய ஆய்வுகளே. மூளைச் சேதத்தையே இவை தடுக்கும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இல்லை.

விற்கும் நாம் கவனிக்க வேண்டியவை:

1. 'பிராமி' என்ற பெயரில் வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டுமே வருகின்றன. வல்லாரை இலை வட்டமாக, அகலமாக இருக்கும். நீர்ப்பிரமி இலை சிறியது, தடித்தது. பில்லில் தமிழ்ப் பெயரையே எழுதுங்கள்.

2. அமுக்கராவில் வேரே மருந்து. பொடியில் இலை, தண்டு கலந்த சரக்கை வாங்காதீர்கள்.

3. தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அமுக்கரா சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அறவே ஆகாது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியுள்ளது.

4. "மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்" என்று எவருக்கும் சொல்லாதீர்கள்.

வியாபாரத்தில் முதல் இல்லாமல் லாபம் இல்லை. மூளைக்கு முதல் தூக்கம்தான். இரவு கடையடைத்ததும் பேரேட்டை மூடிவிடுங்கள். வசூல் கவலையைப் பங்காளியிடமோ வீட்டாரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையில் அரைமணி நேரம் நடங்கள். மூலிகை அதற்குத் துணைதான்.

அந்தக் கடைக்காரர் இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஒரு கிலோ விற்பனை போனதில் எனக்கு வருத்தமில்லை. வாடிக்கையாளர் நலமாக இருக்கிறார்.