பிடித்தால் விடாத சங்கிலி

ஒரு வீட்டில் எத்தனை சங்கிலி இருக்கும்? உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் நான்கு சங்கிலி. சாமி அறையில் தூக்கு விளக்குக்கு ஒன்று. கொல்லையில் மாட்டுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. வாசலில் நிற்கும் சைக்கிளில் ஒன்று. அம்மாவின் கழுத்தில் ஒன்று. குழந்தையின் காலில் கிடக்கும் கொலுசும் சங்கிலிதான். வெளியூர் போகும் மாமா, பெட்டியை ரெயில் இருக்கையின் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுக் குறட்டை விடுகிறாரே, அந்தப் பூட்டிலும் சங்கிலிதான்.

இத்தனை சங்கிலிக்கும் வேலை ஒன்றே. பிடித்ததை விடக்கூடாது!

கயிறும் இரும்பும்

கயிறு வளையும், சுருளும். ஆனால் தேயும். மழையில் நனைந்து நனைந்து இற்றுப்போகும். நெருப்புப் பட்டால் கருகிவிடும். இரும்புக் கம்பி உறுதியானது. ஆனால் இழுத்த பக்கம் வளையாது. இரண்டின் நல்ல குணமும் ஒன்றாகச் சேர்ந்தால் அது சங்கிலி.

சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். கம்பியைத் துண்டாக வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, வளைத்து, முந்திய கண்ணிக்குள் நுழைப்பார்கள். பிறகு இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடு ஆறுவதற்குள் சுத்தியலால் அடித்தால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். இது பழைய முறை. இப்போது இயந்திரம் வளைக்கிறது. மின்சாரம் ஒட்ட வைக்கிறது.

நூறு கண்ணியில் 99 நன்றாக இருந்து, ஒரே ஒரு கண்ணியின் ஒட்டில் விரிசல் இருந்தால் போதும். அத்தனையும் வீண். அதனால்தான் பளு தூக்கும் சங்கிலியில் ஒரு சிறு தகடு தொங்கும். எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று அதில் பொறித்திருக்கும். சங்கிலி அறுவதற்கு எவ்வளவு பளு வேண்டுமோ, அதில் நாலில் ஒரு பங்குதான் ஏற்றலாம் என்பது கணக்கு. நீளத்தைக் குறைக்க முடிச்சுப் போடுவது, முறுக்கேறிய சங்கிலியால் தூக்குவது, அறுந்த இடத்தில் போல்ட்டு மாட்டி ஒட்டுப் போடுவது ஆகிய மூன்றும் ஆளைக் கொல்லும் வேலைகள். தகடு ஒழுங்காக இருந்தாலும், தொங்கும் பளுவின் கீழே யாரும் நிற்கக்கூடாது.

சங்கிலி அடித்த பெண்கள்

ஒரு காலத்தில் உலகத்துக்கே சங்கிலி செய்து அனுப்பிய ஊர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்தன. அவற்றில் ஒன்று கிரேட்லி ஹீத். கப்பல் நங்கூரத்துக்கான கனத்த சங்கிலிகளை ஆண்கள் தொழிற்சாலைகளில் செய்தார்கள். சிறிய சங்கிலிகளைச் செய்தவர்கள் பெண்கள்!

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் ஓர் உலை, ஒரு துருத்தி, ஒரு பட்டறைக் கல். இதுதான் அவர்களுடைய தொழிற்சாலை. காலையில் அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டு, உலை மூட்டி இரும்பு அடிக்க வந்துவிடுவார்கள். கைக்குழந்தையும் அந்தப் புகையிலேயே வளரும். வாரத்துக்கு 50 மணி நேரத்துக்குமேல் சுத்தியல் பிடித்தாலும் கைக்கு வந்த கூலி 5 அல்லது 6 ஷில்லிங்தான்.

1909-ம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, கைச்சங்கிலி செய்யும் பெண்களுக்கு மணிக்கு இரண்டரை பென்ஸ் கொடுக்க வேண்டும் என்று 1910-ல் முடிவாயிற்று. 54 மணி நேர வாரத்துக்கு 11 ஷில்லிங் 3 பென்ஸ். ஏறக்குறைய இரண்டு மடங்கு!

முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். "ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே போதும், புதிய கூலி வேண்டாம்" என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே போட்டுக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களிடம் தாளை நீட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள வித்தைதான் போலிருக்கிறது!

விஷயம் வெளியே வந்தது. மேரி மக்கார்த்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கான பெண்கள் உலையை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். தள்ளாத கிழவிகள் தாங்கள் அடித்த சங்கிலியையே கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற படம், பத்திரிகைகளில் வந்தது. அதைப் பார்த்தவர்கள் பண உதவி அனுப்பினார்கள். வேலைநிறுத்தம் பத்து வாரம் நீடித்தது. 1910-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி கடைசி முதலாளியும் புதிய கூலிக்கு ஒப்புக்கொண்டார். மிஞ்சிய பணத்தில் அந்தப் பெண்கள் ஊரில் ஒரு தொழிலாளர் மன்றம் கட்டினார்கள்.

சைக்கிள் செயின்

ஊஞ்சல் சங்கிலி தொங்கினால் போதும். சைக்கிள் செயின் ஓட வேண்டும். ஓடும்போது பல் சக்கரத்தோடு உராய்ந்து தேயக்கூடாது. இதற்கு வழி கண்டவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர். 1880-ல் அவர் செய்த செயினில் ஒவ்வொரு ஆணியின் மேலும் சிறிய உருளை ஒன்று சுழலும். பல்லின்மேல் உருளை உருளும். தேய்மானம் குறையும். இன்றைய சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடுவது அதன் வாரிசுதான்.

செயின் தொளதொளவென்று ஆனால் "நீண்டுவிட்டது" என்பார்கள். உண்மையில் இரும்பு நீளவில்லை. ஆணிகளும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் இம்மியளவு இடைவெளி விழுந்து, எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் அடி ஸ்கேலை எடுத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். சரியாக 12 அங்குலம் வரவேண்டும். கால் அங்குலத்தில் பாதி கூடியிருந்தால் செயின் முடிந்தது. மாற்றாமல் ஓட்டினால் அது பல் சக்கரத்தையும் தின்றுவிடும். செலவு இரட்டிப்பு!

ரெயில் சங்கிலி

ரெயில் பெட்டியில் தொங்கும் சங்கிலியைச் சிறுவர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். அதை இழுத்தால் என்ன ஆகும்?

வண்டியின் அடியில் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதில் காற்று அடைத்திருக்கும். அந்தக் காற்று இருக்கும்வரை பிரேக் பிடிக்காது. சங்கிலியை இழுத்ததும் ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறுகிறது. உடனே பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்பதும் வெளியிலிருந்து தெரிந்துவிடும்.

பிள்ளை தவறி விழுந்தாலோ, பெட்டியில் தீப் பிடித்தாலோ தயங்காமல் இழுக்க வேண்டும். மாமியார் இன்னும் பிளாட்பாரத்துக்கு வந்து சேரவில்லை என்று இழுக்கக்கூடாது. காரணமில்லாமல் இழுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் விதித்தது.

புதுமாதிரிப் பெட்டிகளில் சங்கிலி இல்லை. சிவப்புக் கைப்பிடிதான் இருக்கிறது. ஆனாலும் ஜனங்கள் "சங்கிலியைப் பிடித்து இழுத்தான்" என்றுதான் சொல்கிறார்கள்.

நிலத்தை அளந்த சங்கிலி

ஒரு சென்ட் நிலம் 435.6 சதுர அடி. மனை வாங்கும் எல்லோருக்கும் இது தெரியும். இந்த ஆறு என்ன, புள்ளி என்ன, யார் வைத்த கணக்கு? ஒரு சங்கிலி வைத்த கணக்கு!

1620-ம் ஆண்டுவாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி. கண்ணிகள் 100. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி. அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். சங்கிலிக் கணக்கில் பார்த்தால் புள்ளியே இல்லை. ஒரு சென்ட் என்பது சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. நம் பழைய நில வரைபடங்களில் "லிங்ஸ்" என்று போட்டிருப்பது இந்தக் கண்ணிதான். கிரிக்கெட்டில் இரண்டு ஸ்டம்புகளுக்கும் இடையே உள்ள 22 கெஜமும் இதே 66 அடி, ஒரு சங்கிலி நீளம்.

இன்னொரு சங்கிலி சென்னைக்கு வந்தது. அது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோனது. அவர் ஏற்காததால் கல்கத்தாவுக்கு வந்து, வில்லியம் லாம்டன் என்ற அதிகாரியின் கைக்குக் கிடைத்தது. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி அவர் பரங்கிமலை அருகே அதை விரித்தார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதற்காகச் சங்கிலியைப் பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து அளந்தார்கள். ஏழரை மைல் அளக்க 57 நாள்! சுமார் 400 தடவை அந்தச் சங்கிலியைத் தூக்கி வைத்தார்கள். அங்கே தொடங்கிய அளவைதான் பின்னாளில் இமயமலை வரை போய், எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னது.

கழுத்துச் சங்கிலி

தங்கச் சங்கிலியைப் பற்றிப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும். கண்ணிகளை ஒட்டவைக்கும் பற்றுப்பொடியில் முன்பு காட்மியம் என்ற உலோகம் சேர்த்தார்கள். அதன் புகை தட்டாரின் நுரையீரலுக்கு விஷம். இப்போது ஹால்மார்க் முத்திரைதான் அடையாளம். 22 காரட் என்றால் 916 என்று பொறித்திருக்கும். சங்கிலி பெரும்பாலும் கொக்கியருகில்தான் தேய்ந்து அறும். மாதம் ஒருமுறை அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

மனிதன் காலில்

மாட்டைக் கட்டிய சங்கிலியால் மனிதனையும் கட்டினார்கள். அடிமைகளைக் கட்டினார்கள், கைதிகளைக் கட்டினார்கள். கைதிக்குக்கூடத் தகுந்த காரணமில்லாமல் கைவிலங்கு மாட்டக்கூடாது என்று 1980-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

ஒரு குற்றமும் செய்யாமல் சங்கிலியில் கிடந்தவர்கள் மனநோயாளிகள். பாரீஸ் நகரத்து பிசேத்ர் ஆஸ்பத்திரியில் 1797-ல் ஒருவர் அந்தச் சங்கிலிகளைக் கழற்றினார். அவர் பெயர் பூசேன். டாக்டர் அல்ல, ஒரு காலத்தில் அங்கேயே நோயாளியாகக் கிடந்து, பிறகு மேற்பார்வையாளர் ஆனவர். பெயரும் புகழும் என்னவோ பினேல் என்ற டாக்டருக்குப் போயிற்று.

அமெரிக்காவில் மனநல ஆஸ்பத்திரிகள் கழித்துப் போட்ட சங்கிலிகளையும் விலங்குகளையும் சேகரித்து உருக்கினார்கள். 1953-ம் ஆண்டு பால்டிமோர் நகரில் அதை 300 ராத்தல் எடையுள்ள மணியாக வார்த்தார்கள்.

நம் ஊரில் அது நடக்கப் பல காலம் ஆயிற்று. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு, மனநிலை பாதித்தவர்களைக் குணமாகும் என்று நம்பி, எல்லா மதத்தினரும் அழைத்து வருவார்கள். ஊரைச் சுற்றி விடுதிகள் இருந்தன. வீட்டார் பணம் கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஓடிவிடக்கூடாது என்று நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைப்பார்கள்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. கட்டில்லாதவர்கள் ஓடினார்கள். கயிறாக இருந்தால் நெருப்பில் கருகி அறுந்திருக்கும். சங்கிலி அறவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது, அவர்களில் பலரை உறவினர் அடையாளம் காட்டுவதே கஷ்டமாக இருந்தது.

சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அரசாங்கம் அந்த மாதிரி விடுதிகளை மூடியது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தடை விதித்தது. ஏர்வாடியிலேயே, பிரார்த்தனைக்கு வருபவர்களுக்குப் பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்து மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது.

ஆனாலும் கிராமத்தில் எங்கோ ஒரு வீட்டின் பின்கட்டில் ஒரு மகன் இன்னும் தூணில் கட்டிக் கிடக்கிறான். கட்டியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. பெற்ற தாய்தான். கூலிக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கிணற்றில் விழுந்துவிடுவானோ என்ற பயம். அந்தத் தாயின் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், மருந்து இலவசம். போகுமுன் யோசனை கேட்க வேண்டுமானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.